மூன்றாம் படியில் ஒரு சோப்பு

என் மனைவியின் தொழிலை இழுத்து மூடிவிடுவது என்று ஒரு திங்கட்கிழமை மாலை, ஆபீசிலிருந்து வீடு திரும்பும் பஸ்ஸில், கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே முடிவெடுத்தேன். உட்கார இடம் கிடைத்திருந்தால் ஒருவேளை நிதானமாக யோசித்திருப்பேன். கிடைக்கவில்லை.

மூடுவதற்கு அது ஒன்றும் ஆலை இல்லை. எங்கள் வீட்டுச் சமையலறைதான். அங்கே சோப்பு காய்ச்சி, கூடத்தில் காயவைத்து, படுக்கையறையில் பெட்டி கட்டி, போனில் விற்கிறாள். கடைக்குப் பெயர் 'நுரை'. கடை போனுக்குள் இருக்கிறது. சரக்கு என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. ஆபீஸ் முடிந்து வந்து தினமும் பெட்டி ஒட்டுகிறவன் நான். ஆக, நுரை அவளுடையது. தள்ளுவது எனக்கு.

அதுவரை எனக்கு அந்தத் தொழில் மேல் பெரிய குறை கிடையாது. ஒருமுறை, மேசை மேல் துண்டு துண்டாக அடுக்கியிருந்த காபித்தூள் சோப்பை ஏதோ தின்பண்டம் என்று எடுத்துக் கடித்துவிட்டேன். வெளியே மூச்சு விடவில்லை. அவளே பல் தடத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். மறுவாரம் எல்லாப் பெட்டிகளிலும் 'உண்பதற்கு அல்ல' என்று ஒரு வரி அச்சாகி வந்தது. அதையும் நான்தான் ஒட்டினேன்.

பிரச்சினை ஆபீசில் ஆரம்பித்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்சூரன்ஸ் ஆசாமி ஒருவர் வந்து எங்களுக்கு ஒரு சொற்பொழிவு கொடுத்தார். இப்படிப்பட்ட சொற்பொழிவுகளில் நான் நன்றாகத் தூங்குவேன். அன்று எனக்கு வாய்த்த நாற்காலிக்கு முதுகு இல்லை. அதனால் விழித்திருந்தேன். விழிப்புணர்வு எவ்வளவு கெடுதல் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

"உங்கள்ல யார் வீட்டுலயாவது, வீட்டிலேர்ந்தே ஆன்லைன் வியாபாரம் பண்றாங்களா?" என்று கேட்டார்.

பெருமையாகக் கையைத் தூக்கினேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பாவம்," என்றார்.

அந்த ஒரு சொல் என் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் அதன் மேல் வரிசையாக வந்து ஏறிக்கொண்டது. வீட்டுக்குப் போட்ட இன்சூரன்ஸ், வீடு வீடாக இருக்கும்வரைதானாம். அதே வீட்டில் வியாபாரம் நடந்து, அதனால் தீப்பிடித்தால், கம்பெனி கையை விரித்துவிடலாமாம். பொருளை வாங்கினவருக்கு உடம்பில் ஏதாவது வந்தால் விற்றவர்தான் பொறுப்பாம். பார்சல் எடுக்க வருகிறவர் நம் வீட்டு வாசலில் வழுக்கி விழுந்தாலும் பொறுப்பு நம்முடையதாம். தனி ஆள் நடத்தும் கடை என்றால், நஷ்டஈடு கடையோடு நிற்காதாம். கடைக்காரரின் சொந்தச் சொத்து வரைக்கும் வருமாம்.

எங்கள் சொந்தச் சொத்து அந்த வீடு ஒன்றுதான். தலையில் முடி இருந்தபோது வாங்கிய கடனை, முடி போன பிறகுதான் அடைத்து முடித்தேன். அந்த வீட்டின் ஒவ்வொரு செங்கல்லுக்கும் என் தலையிலிருந்து ஒரு மயிர் போயிருக்கிறது. இனிமேல் இன்னொரு வீடு வாங்க என்னிடம் மயிரும் இல்லை, வயதும் இல்லை. அதை ஒரு துண்டு ரோஜா சோப்புக்கு யாரோ ஒருத்தருக்கு அரிப்பு வந்தது என்பதற்காகத் தூக்கிக் கொடுப்பதா?

வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி அடுப்பின் முன்னால் கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு எதையோ கிண்டிக்கொண்டிருந்தாள். இரவுச் சாப்பாடா, எலுமிச்சை சோப்பா என்று தெரியவில்லை. வாசனை நன்றாக இருந்தது. அதனால் சோப்பு என்று யூகித்தேன்.

சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தேன். "ஏம்மா, சமையல் செய்யற இடத்துல காஸ்டிக் சோடாவை வெச்சுக்கறது ஆபத்து இல்லையா?"

கரண்டியை நிறுத்தினாள். "எனக்கும் ரொம்ப நாளா அதே யோசனைதாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் வாக்கியத்திலேயே வெற்றி கிடைத்துப் பழக்கமில்லை. "அப்போ நிறுத்திடலாமா?"

"எதை?"

"சோப்பை."

"சோப்பை எதுக்கு நிறுத்தணும்? இடத்தை மாத்தினா போதும். உங்க ரூம் சும்மாத்தானே கெடக்கு."

"சும்மாவா? அதுல நான் இருக்கேனே."

"அதைத்தான் நானும் சொன்னேன்."

மறுநாள் ஆபீஸ் விட்டு வந்தபோது என் அறையில் அடுப்பு இருந்தது. நான் படிக்கும் மேசை மேல் அச்சுகள் அடுக்கியிருந்தன. என் ரேடியோ பாத்ரூம் அலமாரியில் இருந்தது.

பயம் பிடித்தவன் ஒரு தோல்வியோடு நிற்க மாட்டான். அன்று இரவுச் சாப்பாட்டின்போது தீயைப் பற்றிப் பேசினேன். எண்ணெய், அட்டைப் பெட்டி, சுற்றுத்தாள் என்று வீடு முழுக்க எரியக்கூடிய சாமான்கள்; ஒரு பொறி பட்டால் போதும், இன்சூரன்ஸ்காரன் வந்து சாம்பலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவான் என்றேன்.

அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். "இந்த வீட்டுல எரியற சாமான்லயே பெருசு எதுங்க?"

"நீயே சொல்லு."

"பரண் மேல நீங்க சேத்து வெச்சிருக்கற பழைய பேப்பர்."

"அது சேகரிப்பு."

"தீக்கு அது தெரியாதே."

என் பேப்பர் போயிற்று. புதன்கிழமை, ஆபத்து நேரத்தில் ஓட வழி இல்லை, கூடத்தில் நடக்கவே இடம் இல்லை என்றேன். வழியில் இருந்தது எதுவென்று பார்த்தால் என்னுடைய சாய்வு நாற்காலி. அது பக்கத்து வீட்டு டிரில் மாஸ்டர் வீட்டு வராந்தாவுக்குப் போய்ச் சேர்ந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது கெடுவது ஒரு தடவை. நான் தினமும் ஒரு சாமானாகக் கெட்டேன்.

கடைசி அஸ்திரத்தையும் விட்டுப் பார்த்தேன்.

"இங்க பாரு. சாதாரணக் கடைன்னா தெருவுல இருக்கறவன்தான் கேஸ் போடுவான். ஆன்லைன் கடைக்கு எல்லையே கிடையாது. கடல் தாண்டி இருக்கறவன் கூட போடலாம்."

"கடல் தாண்டி ஆள் வாங்கற அளவுக்கு சோப்பு நல்லா இருக்குன்னு சொல்றீங்க."

"நான் அப்படியா சொன்னேன்? வீடு போய்டும்மா."

"போகாது."

"எப்படிச் சொல்ற?"

"சொல்றேன்ல."

சொல்றேன்ல என்றால் அதற்கு மேல் இந்த வீட்டில் மேல்முறையீடு கிடையாது. நானும் அடங்கிவிட்டேன். ஆனால் பயம் அடங்கவில்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்கு வெளிச்சத்திலும் தெரிந்தது. போன் மணி அடித்தால் வக்கீல் என்று நினைத்தேன். தபால் வந்தால் நோட்டீஸ் என்று நினைத்தேன். பஸ்ஸில் பக்கத்தில் நின்றவர் முழங்கையைச் சொறிந்தால், "என்ன சோப்பு போடறீங்க?" என்று கேட்கும் அளவுக்கு ஆகிவிட்டது. அவர் இடம் மாறி நின்றுகொண்டார்.

எல்லாவற்றையும்விட என்னைப் பாடாய்ப் படுத்தியவர் பார்சல்காரர். என் வயதுதான் இருக்கும். எங்கள் வாசலில் மூன்று படி. அதில் அவர் நடுப் படியை மிதித்து நான் பார்த்ததே இல்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு தாவி ஏறுவார். ஒவ்வொரு தாவலுக்கும் என் வீடு ஒரு அடி நகர்ந்து கோர்ட் பக்கம் போய் வருவது போல இருக்கும்.

"கொஞ்சம் மெதுவா ஏறுங்களேன்," என்று ஒருநாள் கெஞ்சினேன்.

"மெதுவா ஏறினா என் வேலை போய்டும் சார்."

"வேகமா ஏறினா என் வீடு போய்டும்."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டு, தாவியே இறங்கினார்.

இந்த நிலைமையில்தான் வியாழக்கிழமை மனைவி அந்தச் செய்தியைச் சொன்னாள். ஒரு பெரிய ஓட்டலிலிருந்து ஆர்டர் வந்திருக்கிறதாம். அறைக்கு ஒரு சோப்பாம்.

"சனிக்கிழமை பத்து மணிக்கு ஒரு அம்மா வந்து வீட்டைப் பாப்பாங்க. நீங்க வீட்டுல இருங்க. ஆனா..."

"ஆனா?"

"சும்மா இருங்க."

வருகிறவர் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்பானேன்? ஓட்டல்காரி. சரக்கு செய்யும் இடத்தைப் பார்த்துவிட்டு ஆர்டரை உறுதி செய்ய வருகிறாள். அறைக்கு ஒரு சோப்பு என்றால் அறைக்கு ஒரு தோல். ஒவ்வொரு தோலுக்கும் ஒரு வக்கீல். மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் வீடு பத்தாது. டிரில் மாஸ்டர் வீட்டையும் சேர்த்துக் கேட்பார்கள்.

அப்போதுதான் என் மூளையில் அந்த யோசனை உதித்தது. சொல்லிப் புரியவைக்க முடியாததை விழுந்து புரியவைக்கலாம். வருகிற அம்மாள் படியேறும் நேரத்தில், இந்த வீட்டு சோப்பு வழுக்கி, இந்த வீட்டுக்காரரே அவள் கண் முன்னால் விழுந்தால்? அவள் பயந்து ஆர்டரை ரத்து செய்வாள். மனைவி என் நிலைமையைப் பார்த்துத் தொழிலையே ரத்து செய்வாள். அடி எதுவும் படக் கூடாது. அதற்கு ஒரு நிபுணர் வேண்டும்.

டிரில் மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் பையன்களை வெகுகாலம் குட்டிக்கரணம் அடிக்க வைத்தவர். நான் போனபோது வராந்தாவில் என் சாய்வு நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"விழறது ஒரு கலை சார்," என்றார் எழுந்திருக்காமல். "தெரிஞ்சு விழறவனுக்கு அடி படாது. தெரியாம விழறவனுக்குத்தான் படும்."

"நான் தெரிஞ்சுதான் விழப் போறேன்."

"எதுக்குன்னு கேக்கலாமா?"

"குடும்ப விஷயம்."

"அப்போ கேக்கல."

பின்கட்டில் ஒரு பழைய மெத்தையைப் போட்டார். முழங்காலை மடக்கு, உடம்பைத் தளர்த்து, தோளைக் கொடு, உருள். இதுதான் சூத்திரம். நான் தோளுக்குப் பதில் முகத்தைக் கொடுத்தேன். மறுபடி மறுபடி விழுந்தேன். கடைசியில் அவரே எழுந்து நின்று பார்க்கும் அளவுக்கு ஒரு அழகான விழுகை வந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் மனைவியின் தலை தெரிந்தது.

"அங்க என்ன சத்தம்?"

"உடற்பயிற்சி," என்றேன் மெத்தையிலிருந்து.

"யாரோ விழற மாதிரி கேட்டுதே."

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்மா," என்றார் டிரில் மாஸ்டர். நல்ல மனுஷன். நாற்காலிக்குத் தகுதியானவர்தான்.

சனிக்கிழமை ஒன்பதரைக்கெல்லாம் நான் வாசலில் இருந்தேன். மனைவி உள்ளே என் அறையில், அதாவது அவள் தொழிற்சாலையில், எதையோ துடைத்துக்கொண்டிருந்தாள். மடியில் ஒளித்து வைத்திருந்த காபித்தூள் சோப்பை எடுத்து மூன்றாம் படியில், மேல் படியில், வைத்தேன். தள்ளி நின்று பார்த்தேன். ரொம்ப ஓரமாக இருந்தது. கொஞ்சம் நடுவுக்கு நகர்த்தினேன். ரொம்ப நடுவாக இருந்தது. யாரோ வேண்டுமென்றே வைத்தது போலத் தெரிந்தது. லேசாகக் கோணல் பண்ணினேன். இப்போது இயற்கையாக இருந்தது.

அந்த அம்மாள் வந்ததும் நான் புதிதாகத் தடுமாறக் கூடாதே என்று ஒரு தடவை ஒத்திகை பார்க்க நினைத்தேன். மெதுவாகக் காலை வைத்தேன்.

ஒன்றும் ஆகவில்லை.

எடையைப் போட்டேன். அசையவில்லை. இன்னொரு காலையும் தூக்கி அதன் மேலேயே வைத்தேன். சோப்பின் மேல் ஒரு சிலை மாதிரி நின்றேன். வழுக்க மறுத்தது. என் மனைவி அதில் காபித்தூளைத் திப்பி திப்பியாகப் போடுகிறாள், அழுக்குத் தேய்க்க. அந்தத் திப்பி படியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அவள் சரக்கின் தரம் எனக்கு அன்றுதான் முழுதாகப் புரிந்தது. எரிச்சலாக இருந்தது. குதித்துக்கூடப் பார்த்தேன்.

மணி ஆகிக்கொண்டிருந்தது. ஓட்டல்காரி வந்துவிட்டால், நான் சோப்பு மேல் ஜம்மென்று நிற்பதைப் பார்த்து ஆர்டரை இரட்டிப்பாக்கிவிடுவாள். செடிக்குத் தண்ணீர் ஊற்றும் குவளை கண்ணில் பட்டது. சோப்பு மேல் ஊற்றினேன். படி மேலும் ஊற்றினேன். பதமாக நனையட்டும் என்று சற்றுப் பொறுத்தேன். பிறகு காலை வைத்தேன்.

இந்த முறை என்னை அது ஏமாற்றவில்லை.

முழங்காலை மடக்கவில்லை. உடம்பைத் தளர்த்தவில்லை. தோளைக் கொடுக்கவில்லை. டிரில் மாஸ்டர் சொல்லிக் கொடுத்த எதுவும் அந்த நேரத்தில் என் கூட வரவில்லை. நான் மட்டும் தனியாக விழுந்தேன். மூன்று படியையும், பார்சல்காரர் எப்போதும் தாண்டிப் போகும் அந்த நடுப் படியையும் சேர்த்து, இடுப்பால் எண்ணிக்கொண்டே கீழே வந்தேன். வலது கணுக்காலில் சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது கேட்டுக்குப் பக்கத்தில் கைப்பையோடு ஒரு அம்மாள் நின்றிருந்தார். சீராக நடந்து வந்து, குனிந்து, கணுக்காலைத் தொட்டுப் பார்த்தார். நான் அலறினேன். அதைக் கேட்டு மனைவி ஓடி வந்தாள்.

"ஐயோ, என்னாச்சுங்க?"

வலியில் உயிர் போனாலும் வசனம் போகவில்லை. அதற்காகத்தானே இவ்வளவும். "பாத்தியா? இதைத்தான் நான் வாரம் பூரா சொன்னேன்." அந்த அம்மாளின் பக்கம் திரும்பினேன். "நீங்களே உங்க கண்ணால பாத்தீங்க. இந்த சோப்பு எவ்வளவு ஆபத்துன்னு இப்போ தெரிஞ்சிருக்கும். உங்க ஓட்டலுக்கு ஆர்டர் குடுக்கறதுக்கு முன்னாடி நல்லா யோசிச்சுக்கோங்க."

"எந்த ஓட்டல் சார்?" என்றார் அவர். "நான் இன்சூரன்ஸ் கம்பெனியிலேர்ந்து வரேன். உங்க வீட்டம்மா வியாபாரத்துக்கு எங்ககிட்டத்தான் பாலிசி எடுத்திருக்காங்க. ஓட்டல் ஆர்டர் பெருசா இருக்கறதால தொகையை ஏத்திக் கேட்டாங்க. அதுக்கு வீட்டைப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

கணுக்கால் வலி ஒரு கணம் நின்றுவிட்டது. வேறு இடத்தில் வலிக்க ஆரம்பித்தது.

"பாலிசியா?" என்றேன். "எப்போலேர்ந்து?"

"மொத சோப்பு விக்கறதுக்கு முன்னாடியேங்க," என்றாள் மனைவி, என் காலுக்கு அடியில் துண்டை மடித்து வைத்துக்கொண்டே. "தீ, தோல் அரிப்பு, பார்சல்காரர், எல்லாத்துக்கும் சேத்து. வீட்டு இன்சூரன்ஸ்காரங்களுக்கும் அப்பவே சொல்லிட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? வீடு போய்டும், வீடு போய்டும்னு வாரம் பூரா சொன்னீங்க. இன்சூரன்ஸ் இருக்கான்னு ஒரு தடவை கேட்டீங்களா?"

நான் யோசித்துப் பார்த்தேன். கேட்கவில்லைதான். பயத்தில் இருக்கிறவன் பேசிக்கொண்டே இருப்பான். காதைத் திறந்து வைத்துக்கொள்ள மாட்டான்.

இன்சூரன்ஸ் அம்மாள் தொண்டையைச் செருமினார். "வியாபாரம் நடக்கற இடத்துல ஒருத்தர் விழுந்திருக்கார். அதனால கேக்க வேண்டியிருக்கு. இவர் யாரு? வாங்க வந்தவரா, வெளியாளா, வேலை பாக்கறவரா, வீட்டு ஆளா? வீட்டு ஆளுங்களுக்கு இந்த பாலிசியில இடம் இல்ல."

"வேலை பாக்கறவர்," என்றாள் மனைவி.

"யாரு?" என்றேன் நான்.

"நீங்கதான். பாலிசி எடுக்கும்போது ஒரு ஆள் வேலை பாக்கறார்னு சொல்லித்தான் எடுத்தேன். வாரா வாரம் கைச்செலவுக்குன்னு குடுக்கறேனே, அது என்னன்னு நெனச்சீங்க?"

"அன்பா குடுக்கறன்னு நெனச்சேன்."

"அன்பா குடுக்கறவங்க பெட்டியை எண்ணிப் பாத்தா குடுப்பாங்க?"

இத்தனை மாதமாக அந்தக் காசை நான் எவ்வளவு உருக்கமாகச் செலவழித்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். மனைவி நம்மை மறக்கவில்லை என்று நெஞ்சில் கை வைத்து டீ குடித்திருக்கிறேன். எல்லாம் கூலி. ஆனாலும் அந்த வலியிலும் ஒரு சின்ன நம்பிக்கை எட்டிப் பார்த்தது. ஊழியன் என்றால் ஊழியன். ஆஸ்பத்திரிச் செலவாவது மிஞ்சும்.

"ஆமா மேடம்," என்றேன் பணிவாக. "நான் இங்க வேலை பாக்கறவன்தான்."

"வேலை நேரத்துல விபத்து நடந்தா செலவு குடுப்போம் சார்," என்றார் அவர். "ஆனா விபத்தா இருக்கணும். நான் ஒன்பதரைக்கே வந்துட்டேன். சொன்ன நேரத்துக்கு முன்னாடி உள்ள வரக் கூடாதேன்னு கேட்டுக்கு வெளியிலேயே நின்னேன்."

நான் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு சத்தமாக முனகிப் பார்த்தேன்.

"நீங்க சோப்பை வெச்சதைப் பாத்தேன். கோணல் பண்ணினதைப் பாத்தேன். மேல நின்னு குதிச்சதையும் பாத்தேன். ஏதோ தரப் பரிசோதனைன்னு நெனச்சு மனசுக்குள்ள பாராட்டிட்டு இருந்தேன். தண்ணி ஊத்தினப்போதான் சந்தேகம் வந்துச்சு. குரல் குடுக்கறதுக்குள்ள நீங்க காலை வெச்சுட்டீங்க."

மனைவி மெதுவாக நிமிர்ந்தாள். படியைப் பார்த்தாள். குவளையைப் பார்த்தாள். டிரில் மாஸ்டர் வீட்டுச் சுவரைப் பார்த்தாள். உடற்பயிற்சிக்கு அர்த்தம் புரிந்துவிட்டது என்று அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

"யானைக்கும் அடி சறுக்கும்னு சொல்வாங்க," என்று முனகினேன்.

"யானை சோப்பை வெச்சு, தண்ணியையும் ஊத்திட்டு சறுக்காதுங்க," என்றாள்.

பிறகு அந்த அம்மாளிடம் திரும்பி, "இதுக்கு நாங்க எதுவும் கேக்க மாட்டோம்மா. நீங்க உள்ள போய் வீட்டைப் பாருங்க," என்றாள்.

டிரில் மாஸ்டர் காரை எடுத்து வரும்வரை நான் கீழ்ப் படியில் கிடந்தேன். உள்ளேயிருந்து இன்சூரன்ஸ் அம்மாளின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. காய்ச்சத் தனி அறை இருக்கிறதே, ரொம்ப நல்லது. வெளியே போகிற வழி அடைப்பில்லாமல் இருக்கிறதே, ரொம்ப நல்லது. பரணில் ஒரு காகிதம்கூட இல்லையே, இவ்வளவு சுத்தமாக எந்த வீட்டிலும் பார்த்ததில்லை. யாரம்மா இவ்வளவு யோசித்துச் செய்தது?

"அவர்தான்," என்றாள் என் மனைவி. "ஒவ்வொண்ணா சொல்லிச் சொல்லிச் செய்ய வெச்சார்."

ஓட்டல் ஆர்டருக்காகப் பாலிசித் தொகை ஏறிவிட்டது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு முடித்து, நாங்கள் இருவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவள் ஆஸ்பத்திரி பில்லை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கு வீட்டைப் பத்திப் பயம் இல்லன்னா நெனச்சீங்க?" என்றாள் கடைசியில். "அந்தக் கடனை அடைக்க நீங்க பட்ட பாட்டை நான் பக்கத்துல இருந்து பாத்தவ. பயந்துதான் மொத வேலையா பாலிசி எடுத்தேன். உங்களுக்கும் பயம். அதுக்கு நீங்க படியில சோப்பு வெச்சீங்க."

எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. வீடு எங்கேயும் போகாது. அதைச் சொல்ல முடியாத அளவுக்கு வெட்கமாகவும் இருந்தது. "இனிமே கேட்டுட்டுத்தான் பயப்படுவேன்," என்றேன்.

"அது போதும்," என்றாள். காலைப் பார்த்தாள். "கைக்கு ஒண்ணும் ஆகலையே?"

"கைக்கு ஒண்ணும் இல்ல."

"நல்லதாப் போச்சு."

அவள் அக்கறையாகத்தான் கேட்கிறாள் என்று நான் மறுபடியும் நினைத்தேன். எனக்குப் புத்தி வருவதாக இல்லை.

ஆபீசுக்கு லீவு. கட்டுக் காலை ஒரு முக்காலி மேல் நீட்டிக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை என் பழைய அறையில், என் பழைய மேசை முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். பெட்டி ஒட்டுகிறேன். கைச்செலவு நிறுத்தப்பட்டுவிட்டது, கேட்டால் ஒழுங்கு நடவடிக்கை என்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் டிரில் மாஸ்டர் என் நாற்காலியில் சாயும் சத்தம் கேட்கிறது.

இன்சூரன்ஸ் அம்மாள் போகும்போது ஒரே ஒரு யோசனைதான் சொல்லிவிட்டுப் போனாராம். அதன்படி 'உண்பதற்கு அல்ல' என்பதற்குக் கீழே இப்போது இன்னொரு வரி சேர்ந்திருக்கிறது. 'எச்சரிக்கை: தரையில் வைத்து, தண்ணீர் ஊற்றி, மேலே ஏறி நிற்க வேண்டாம்.' ஓட்டலுக்குப் போகும் ஒவ்வொரு சோப்பிலும் அதை என் கையால் ஒட்டினேன்.

வாடிக்கையாளர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுவதும் இப்போது என் வேலையாகிவிட்டது. நேற்று ஒருவர் கேட்டிருந்தார். 'சோப்பு அருமை. ஆனால் அந்த இரண்டு எச்சரிக்கைகளையும் படித்துவிட்டு வீட்டில் எல்லோரும் சிரிக்கிறோம். இதையெல்லாம் எந்த மடையன் செய்வான்?'

'சட்டப்படி போட வேண்டியிருக்கிறது' என்று தட்டிவிட்டு அனுப்பப் போனேன். தோளுக்குப் பின்னாலிருந்து மனைவியின் குரல் கேட்டது.

"வாடிக்கையாளருக்குப் பொய்யான தகவல் குடுத்தா, நாளைக்கு ஒண்ணுன்னா பொறுப்பு யாருதுங்க?"

அழித்துவிட்டு எழுதினேன்: 'நான்தான்.'